பாலர் பூங்கா கண்ட பெரியார் புறோபெல்

கல்லூரி விழா மலர்களிலே கட்டடங்களின் வரலாற்றையும், அதிபர்களின் தொண்டினையும், பரிசில் பெற்ற மாணவரின் புகழையும் எழுதுதல் மரபு. அம்மரபினை யாம் குறைகூறுவோமல்லோம். ஆயினும், மேல் வகுப்புகளின் வெற்றிகளை எடுத்தோதுங்கால் அவ்வெற்றிகளுக்கு வித்திட்ட கீழ் வகுப்பினை மறந்துவிடுதல் நம்மிடையே நெடுநாளாக உள்ளதொரு குறையாகும். இன்று வைத்தியராயும் வழக்கறிஞராயும் பொறியியலாளராயும் விளங்கும் பழைய மாணவர் அனைவரும் ஒருகாலத்தில் அரிவரி வகுப்பில் அமர்ந்து மணலிலே விரல் பதித்து எழுதியவரே. அவர்தம் அறிவுக்கண் முதன்முதல் திறந்தது பரீட்சை மண்டபத்திலன்று, விளையாட்டு முற்றத்திலேயாம்.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு உலகுக்கு உணர்த்திய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம். ஆசிரிய கலாசாலையிற் பயின்றார் யாவரும் பிரெடெரிக் புறோபெல் என்னும் அவர் பெயரை அறிவர். ஆனாற், பரீட்சை விடைத்தாளிலே நான்கு வரி எழுதுதற்கு உதவும் பெயராகவே அதனை அறிந்தார் பலர். யாமும் ஒருகால் அத்தகையோராகவே இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தாயற்ற இளமை

ஜேர்மனி நாட்டின் நடுப்பகுதியிலே, துரிங்கியாக் காட்டுமலைகளினிடையே உள்ளது ஓபர்வைஸ்பாக் என்னுஞ் சிற்றூர். அவ்வூர்த் தேவாலயக் குருவானவருக்கு 1782 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆந் திகதி புறோபெல் பிறந்தார். பிறந்து ஓராண்டு நிரம்புமுன் தாயை இழந்தார். பல ஊர்களை அடக்கியதொரு பெரிய திருச்சபைப் பகுதியின் பொறுப்பைத் தாங்கிய தந்தையாருக்கு மைந்தனை மடியிலிருத்தி மகிழ நேரமில்லை. சின்னாளிற் சிற்றன்னை ஒருத்தி வந்தாள். முதலில் அன்பு காட்டிய அவள், தனக்கெனப் பிள்ளை பிறந்தபின் அவ்வன்பை அறவே விலக்கிக்கொண்டாள். சிறுவனை நீ என்று முன்னிலையில் விளிப்பதையும் நிறுத்தி, அயலான் ஒருவனைக் குறிப்பதுபோலப் படர்க்கையிலே பேசத் தொடங்கினாள். சொல்லொன்று மாறியதால் ஒரு குழந்தையின் உலகம் இருண்டது. இலக்கணங் கற்பிக்கும் எம்மனோர்க்கு, முன்னிலைக்கும் படர்க்கைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் துயரமாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது.

சுற்றிலும் வேலியும் மதிலும் அடைத்த அவ்வீட்டிலே சிறுவனுக்குத் துணையாயிருந்தது தோட்டமொன்றே. செடிகளையும் பூக்களையும் உற்றுநோக்கி அவற்றோடு தனியே உறவாடினான். எழுத்தறிவு எளிதில் வரவில்லை. மகன் மந்தபுத்தியுடையான் என்று தந்தையார் முடிவு செய்தார். ஊரிலிருந்த பெண்கள் பள்ளியிலே அவனைச் சேர்த்துவிட்டார். பத்து வயதளவில், தாயின் உடன்பிறந்தவரான மாமனார் ஹொப்மன் என்பார் அவனை ஸ்டட்டில்ம் என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் அவன் ஒத்த வயதுச் சிறுவரோடு முதன்முதல் ஓடி விளையாடினான். மாமனார் வீட்டில் அன்பு இருந்தது, நம்பிக்கை இருந்தது. ஐந்தாண்டுக்காலம் அங்கு வாழ்ந்த வாழ்வே பின்னாளில் அவர் நிறுவிய கல்விக் கொள்கைக்கு ஊற்றாயிற்று எனலாம். அன்பின்மை குழந்தையை எவ்வாறு வாட்டும் என்பதையும், அன்பு எவ்வாறு தளிர்க்கச் செய்யும் என்பதையும் அவர் நூலிற் படித்தறிந்தாரல்லர்; தம் உடம்பிலும் உள்ளத்திலும் பட்டறிந்தார்.

தொழில் தேடி அலைந்தமை

பதினைந்தாம் வயதில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். அவர் கற்பித்தது சிறிது. காடு கற்பித்தது பெரிது. பின்னர் 1799 இல் யேனாச் சர்வகலாசாலையை அடைந்து கணிதமும் இயற்கை நூல்களும் பயின்றார். கடனை அடைக்க இயலாமையாற் சர்வகலாசாலைச் சிறையில் ஒன்பது வாரம் அடைபட்டுக் கிடந்து, கல்வியை இடையில் விட்டு வீடு திரும்பினார். 1802 இல் தந்தையார் இறந்தார். நில அளவை, கணக்கெழுதுதல் எனப் பல தொழில்களைப் பற்றியும் விட்டும் அலைந்தார்.

கட்டடக் கலை பயிலும் எண்ணத்தோடு 1805 இற் பிராங்போட் நகரை அடைந்தார். அங்கே குறுணர் என்னும் தலைமையாசிரியர் இவருடைய இயல்பை உணர்ந்து, தம் பள்ளியில் ஆசிரியராகுமாறு வேண்டினார். வகுப்பறையுட் புகுந்த அன்றே தம் பிறவிப்பயன் இதுவென அவருக்குத் தெளிவாயிற்று. கல்லையும் மரத்தையும் கொண்டு வீடு கட்ட வந்தவர், மக்களைக் கட்டியெழுப்பும் பணியை மேற்கொண்டார்.

அக்காலத்திலே சுவிற்சலாந்து நாட்டின் இவேர்டன் நகரிற் பெஸ்தலோசி நடத்திய பள்ளி ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றிருந்தது. புறோபெல் தாம் கற்பித்த மாணவர் மூவரோடு 1808 முதல் 1810 வரை அங்கே தங்கினார். சொல்லுக்கு முன் பொருளைக் காட்டுதல், கண்டும் தொட்டும் அறியச் செய்தல் என்னும் பெஸ்தலோசியின் முறை இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. எனினும், ஒரு குறை புலப்பட்டது. குழந்தை பொருளைப் பார்க்கின்றது. ஆனால் அதனைக் கொண்டு தானாக ஒன்றை ஆக்குகின்றதோ? பார்த்தல் பாதி; படைத்தல் மறுபாதி. அம்மறுபாதியை நிரப்புவதே தம் கடன் எனக் கொண்டார்.

பின்னர்க் கொற்றிங்கன், பேர்லின் சர்வகலாசாலைகளிற் கற்றார். நெப்போலியனுக்கு எதிரான போரிலே 1813 இல் தொண்டர் படையிற் சேர்ந்தார். அங்கே லாங்கெதால், மிடென்டோர்ப் என்னும் இருவர் நண்பராயினர். போர் முடிந்தபின், பேர்லினிற் கனிப்பொருட் காட்சிச்சாலையிற் பணிபுரிந்தார். பளிங்குகள் ஒரு வடிவிலிருந்து மறுவடிவாக ஒழுங்கு பிறழாது வளர்ந்திருத்தலை நாள்தோறும் நோக்கினார். உயிரற்ற கல்லிலும் உள்ளிருந்து புறம்நோக்கி வளரும் விதியொன்று உண்டெனின், உயிருள்ள குழந்தையில் அஃது எத்துணைச் சிறப்பாக இருத்தல் வேண்டும் எனச் சிந்தித்தார். பிற்காலத்தில் அவர் செய்த மரக்கட்டைகளின் பிறப்பிடம் இக்கற்களேயாம்.

கைல்ஹாவ்ப் பள்ளி

அண்ணன் கிறிஸ்தோப், போர்க்காலத்தில் நோயுற்ற வீரரைப் பராமரித்துத் தாமும் காய்ச்சல் தொற்றி 1813 இல் இறந்தார். தந்தையற்ற அவர் மைந்தர் மூவரையும், மற்றோர் அண்ணனின் மைந்தர் இருவரையும் கொண்டு, 1816 ஆம் ஆண்டு நவம்பரிற் கிறீஸ்ஹைம் என்னும் ஊரிலே புறோபெல் பள்ளி தொடங்கினார். மாணவர் ஐவர்; ஆசிரியர் ஒருவர். அடுத்த ஆண்டிலே பள்ளி கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாறியது. போர்க்கால நண்பர் இருவரும் வந்து சேர்ந்தனர். 1818 இல் வில்ஹெல்மீன் என்னும் பேர்லின் நகரத்துப் பெருமாட்டி, செல்வ வாழ்வைத் துறந்து அவருக்கு மனைவியாகி, வறுமையிலும் பள்ளியிலும் பங்கு கொண்டார்.

அப்பள்ளியிற் புத்தகமும் இருந்தது. அதனோடு மண்வெட்டியும் உளியும் இருந்தன. சிறுவர் தோட்டஞ் செய்தனர். மரத்திலும் கடதாசி மட்டையிலும் உருவங்கள் ஆக்கினர். ஓடையை அணைகட்டித் தடுத்தனர். மலைகளிலே நடந்து திரிந்து நாட்டின் அமைப்பை அறிந்தபின்னரே அதனைப் படமாக வரைந்தனர். 1826 இல் ‘மனிதனின் கல்வி’ என்னும் தமது தலையாய நூலை அவர் வெளியிட்டார். குழந்தைப் பருவத்தின் மிக உயர்ந்த நிலை விளையாட்டே என்பதும், உள்ளத்தில் உள்ளதைப் புறத்தே உருவாக்கிக் காணும் முயற்சியே அவ்விளையாட்டு என்பதும் அந்நூலின் சாரமாகும்.

ஆயினும் அரசியற் பகைமை பள்ளியைச் சூழ்ந்தது. பரிசோதனைக்கு வந்த அதிகாரி நற்சான்று வழங்கியும் ஐயம் நீங்கவில்லை. பெற்றோர் அஞ்சினர். அறுபதை எட்டிய மாணவர் தொகை 1829 அளவில் ஐந்தாறாய்க் குறுகிற்று. சுவிற்சலாந்து சென்று சில ஆண்டு பணியாற்றினார். அங்கே பேர்க்டோர்ப் நகர அநாதைச் சாலையில் மிக இளங் குழந்தைகளோடு பழகும் வாய்ப்புக் கிட்டியது. பள்ளிக்கு வருமுன்னரே குழந்தையின் வாழ்வில் வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது என்னும் உண்மை அவருக்குத் துலங்கியது. அப்போது அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. பிறர் ஓய்வை நாடும் வயதிலே அவர் தம் உண்மையான பணியைத் தொடங்கினார்.

பரிசிலும் பணியும்

1837 இற் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரில், இளங் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் ஆக்கும் நிலையமொன்றை நிறுவினார். அப்பொருள்களுக்குப் பரிசில்கள் எனப் பெயரிட்டார். முதலாவது பரிசில், நூலிற் கட்டிய ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம் என்னும் மூன்று. உருண்டை ஓடும், கனசதுரம் நிற்கும், உருளையோ ஓடவும் வல்லது, நிற்கவும் வல்லது. மாறுபட்ட இரண்டினை இணைக்கும் மூன்றாவது ஒன்று உண்டு என்னும் தத்துவத்தைக் குழந்தை கையாலேயே உணர்கின்றது.

மூன்றாவது பரிசில் எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். அதனை எவ்வாறு கொடுத்தல் வேண்டும் என்பதிலும் அவர் கருத்தாயிருந்தார். பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, மெல்ல மேலே தூக்கினால், முழுக் கனசதுரம் மேசையில் நிற்கும். முழுமையை முதலிற் கண்ட பின்னரே குழந்தை அதனைப் பிரிக்கின்றது. அவ்வெட்டுக் கட்டைகளாற் கதிரை, மேசை, கிணறு, படிக்கட்டு எனத் தன் வீட்டிற் கண்டவற்றைக் கட்டுகின்றது. இவை வாழ்க்கை வடிவங்கள். இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பகுத்துக் கணிதம் அறிகின்றது. இவை அறிவு வடிவங்கள். நடுவொன்றைச் சுற்றிப் பூப்போலவும் விண்மீன்போலவும் அடுக்கி மகிழ்கின்றது. இவை அழகு வடிவங்கள். ஒரே பொருளிலே உலகியலும் கணிதமும் கலையும் ஒருங்கே பிறத்தலைக் காண்க. கட்டியதை இடித்துத் தள்ளாது, ஒரு வடிவிலிருந்தே அடுத்த வடிவை ஆக்குதல் வேண்டும் என்பதும், ஒரு கட்டையேனும் வெறுமனே ஒதுக்கப்படலாகாது என்பதும் அவர் வகுத்த நெறி.

பரிசில்களை அடுத்து வருவன பணிகள். களிமண்ணிற் செய்தல், கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல், மணி கோத்தல், தைத்தல், சதுரக்கோட்டுத் தாளில் வரைதல் முதலியன அவை. பரிசிற் கட்டைகளை மீண்டும் பெட்டியுள் அடுக்கிவிடலாம். பணியிற் செய்த பொருளோ குழந்தைக்கே உரியது. தாய்க்குக் கொண்டுசென்று காட்டுதற்குரியது. இவற்றோடு ஆடலும் பாடலும் கதையும் வட்டமாய் நின்றாடும் விளையாட்டும் சேர்ந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கெனச் சிறு பாத்தி. சுற்றிலும் யாவர்க்கும் பொதுவான பாத்தி. தனியுரிமையும் பொதுக்கடமையும் அம்மண்ணிலே கற்பிக்கப்பட்டன.

தாம் தொடங்கிய நிலையத்துக்கு ஏற்ற பெயர் கிட்டாது அவர் நெடுநாள் வருந்தினார். நண்பரோடு மலைவழியே நடந்து வருங்கால், கீழே பள்ளத்தாக்கு ஒரு பெருந்தோட்டம்போல் விரிந்து கிடத்தலைக் கண்டு, அவ்விடத்திலேயே பெயரைக் கண்டுகொண்டார் என்பர். கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் பூங்கா, என்னும் அப்பெயர் 1840 ஆம் ஆண்டு யூன் 28 ஆந் திகதி உலகறிய வெளியிடப்பட்டது. அவ்வாண்டு, அச்சுக்கலை தோன்றிய நானூறாவது நிறைவை ஜேர்மனி கொண்டாடிய ஆண்டு. ஆனால் வாழ்க்கைத் துணைவி வில்ஹெல்மீன் அப்பெயரைக் கேட்க உயிரோடிருந்தாரல்லர். முந்திய ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

1844 இல் ‘தாய்ப் பாட்டும் தாலாட்டு விளையாட்டும்’ எனப் பொருள்படும் நூல் வெளிவந்தது. உங்கர் படம் வரைந்தார், கோல் இசையமைத்தார். விரலையும் கையையும் அசைத்துத் தாயும் சேயும் ஆடும் பாட்டுக்கள் அதிலுள்ளன. கை தட்டி அப்பஞ் சுடும் பாட்டொன்று, அப்பத்திலிருந்து மா அரைப்பவனையும், அவனிடமிருந்து உழவனையும் நினைக்கச் செய்து, ஒரு கவளத்தின் பின்னே எத்தனை பேர் உழைப்பு உண்டு என்பதை மழலைக்கும் புலப்படுத்துகின்றது. அவ்வாண்டிலேயே பணமின்மையாற் பிளாங்கன்பேர்க் பூங்கா மூடப்பட்டது. அவரோ ஊர் ஊராகச் சென்று பேசினார். இளம் பெண்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தார். குழந்தை வளர்ப்பினைக் கற்றுத் தேறவேண்டிய ஒரு கலையாகவும், பெண்கள் மதிப்போடு மேற்கொள்ளத்தக்க தொழிலாகவும் ஆக்கிய பெருமை அவரையே சாரும்.

தடையும் மறைவும்

1849 இல் லீபன்ஸ்டைன் என்னும் ஊரிலே, குடியானவர் பிள்ளைகளைக் கூட்டி ஓடியாடித் திரிந்த அக்கிழவரை ஊரார் பித்தர் என நகைத்தனர். அந்நகைப்பைக் கேட்டும் பொருட்படுத்தாது நெருங்கிச் சென்று பார்த்தவர் மாறென்ஹோல்ட்ஸ் சீமாட்டியார். பித்தரெனப் பட்டவரிடத்தே பேரறிவைக் கண்ட அவர், அன்றுதொட்டுத் தம் வாழ்வை அப்பணிக்கே அளித்தார்.

ஆனால் 1851 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7 ஆந் திகதி பேரிடி விழுந்தது. பிரஷ்யா நாட்டுக் கல்வி அமைச்சர் பாலர் பூங்காக்கள் அனைத்தையும் தடைசெய்தார். அவை நாத்திகத்தையும் புரட்சியையும் வளர்க்கின்றன என்பது குற்றச்சாட்டு. புறோபெலின் தமையன் மகன் கார்ல் என்பார் எழுதிய சிறு நூலை இவர் எழுதியதாக மயங்கியதே அதற்குக் காரணமாயிற்று. ஆள் வேறு, நூல் வேறு என விளக்கி எழுதியும், அரசனுக்கு விண்ணப்பித்தும் பயனில்லை. ஒவ்வொரு குழந்தையின் உள்ளத்திலும் இறையொளி உறைகின்றது என்று ஓயாது கூறிய ஒருவர் நாத்திகர் எனப் பழிசுமத்தப்பட்டார். கம்பளிப் பந்தும் மரக்கட்டையும் கண்டு ஓர் அரசு அஞ்சிற்று!

1852 ஆம் ஆண்டு கோத்தா நகரில் ஆசிரியர் மாநாடு கூடியது. அதனுள் அம்முதியவர் நுழைந்தபோது அவையிலிருந்த ஆசிரியர் அனைவரும் எழுந்து நின்றனர். அரசு மறுத்த மதிப்பினை ஆசிரியர் உலகம் அளித்தது. சின்னாட்களின் பின், அவ்வாண்டு யூன் 21 ஆந் திகதி, எழுபது வயதில், மரியென்தால் என்னுமிடத்திற் புறோபெல் இவ்வுலக வாழ்வை நீத்தார். தடை நீங்கக் காணாமலே கண் மூடினார். அவர் சமாதியிலே கனசதுரமும் அதன்மேல் உருளையும் அதன்மேல் உருண்டையும் கல்லாற் செய்து நிறுத்தப்பட்டன. இரண்டாவது பரிசிலே அவருக்கு நினைவுச்சின்னமாயிற்று.

1860 இல் தடை நீங்கிற்று. அதற்குள்ளேயே அவர் மாணவிகள் பூங்காவின் விதைகளை நாடுகள்தோறும் தூவிவிட்டனர். 1856 இல் மார்கரேத் சூர்ஸ் அம்மையார் அமெரிக்காவின் வோட்டர்ரவுன் நகரிலே தம் வீட்டுக் குழந்தைகளுக்காக முதற் பூங்காவை அமைத்தார். 1860 இற் பொஸ்ரன் நகரில் எலிசபெத் பீபோடி அம்மையார் ஆங்கில மொழியில் ஒன்றனைத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங் லொயிட் றைற், இளமையிலே தாய் வாங்கிக் கொடுத்த புறோபெற் கட்டைகள் தம் விரலில் என்றும் நிலைத்தன எனத் தம் வரலாற்றிற் குறித்துள்ளார். கட்டடக் கலையைக் கைவிட்டு ஆசிரியரானவரின் கட்டைகள், அக்கலைக்கே ஒரு மேதையைத் திருப்பி அளித்தன.

யாம் கற்ற பாடம்

புறோபெலிடத்துக் குறையில்லை என யாம் கூறோம். ஒவ்வொரு கட்டைக்கும் ஆழ்ந்த மறைபொருள் காண முயன்றமையால் அவர் எழுத்து பல இடங்களில் மயக்கந் தருகின்றது. பின்வந்தோர் சிலர் பரிசில்களை இலக்கமிட்ட பயிற்சியாக்கி, மணியடித்தவுடன் எல்லாக் குழந்தைகளும் ஒரே வடிவைக் கட்டுமாறு பணித்தனர். விடுதலைக்கென ஆக்கிய பொருளே விலங்காயிற்று. மொன்ரிசோரி அம்மையாரும் டூயி என்னும் அறிஞரும் இவரிடமிருந்து விலகியும், இவரைக் கடந்தும் செல்ல நேர்ந்ததற்கு இது ஒரு காரணம். எனினும், அவரவர் புறப்பட்ட வாயில் புறோபெல் திறந்து வைத்த வாயிலே.

ஈண்டு எம் அனுபவம் ஒன்றைக் கூற விடைவேண்டுகின்றோம். பயிற்சி முடித்து யாம் முதற் கடமையேற்ற பாடசாலையில், கீழ்ப்பிரிவிலே வாய் திறவாத சிறுவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் பனங்காய் வண்டியொன்றை உருட்டிக்கொண்டு வகுப்பினுள்ளே வந்துவிட்டான். யாம் அதனைப் பறித்து அலுமாரியின் மேல் வைத்தோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அந்நாட்களில் யாம் மேல் வகுப்புக்குப் பிள்ளைத்தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தோம். சிறுபறைப் பருவம் முடிந்து சிறுதேர்ப் பருவம் வந்தது. குழந்தை சிறுதேர் உருட்டும் அழகை மாணவர்க்கு எடுத்துரைக்குங்கால், எம் நா தடைப்பட்டது. பாட்டிலே வரும் தேரைப் போற்றிவிட்டுக் கண்முன் வந்த தேரைப் பறித்தவர் யாமன்றோ? ஆசிரிய கலாசாலையில் மனனஞ் செய்த புறோபெலின் பெயர் அன்றுதான் எமக்குப் பொருளாயிற்று.

அன்று மாலையே வண்டியைக் கையிலெடுத்துக்கொண்டு அவன் வீடு சென்றோம். அடுத்த வாரம் அவ்வகுப்பிற் பனங்காய் வண்டிகள் பதினொன்று நின்றன. அவற்றைக் கொண்டே சந்தை ஒன்று அமைத்தோம். களிமண்ணிற் கத்தரிக்காயும் பூசணியும் செய்தனர், புளியங்கொட்டை காசாயிற்று, குருத்தோலை பெட்டியாயிற்று. எண்ணும் கூட்டலும் கழித்தலும் அச்சந்தையிலே தாமாக வந்தன. வாய் திறவாத அச்சிறுவன் தன் வண்டிச் சரக்கின் விலையை உரத்த குரலிற் கூவி விற்றான். புறோபெல் பரிசிற் பெட்டிகள் எம்மிடம் ஒன்றேனும் இருந்ததில்லை. அவர் விரும்பியதும் பெட்டியையன்று என்பதை அக்குரல் எமக்கு உணர்த்திற்று.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். சப்பாணி கொட்டுதலையும் அம்புலி அழைத்தலையும் சிற்றில் இழைத்தலையும் இலக்கியப் பொருளாகக் கொண்டது தமிழ். நம் காலத்தையடுத்து வாழ்ந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர், ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டாக்கிச் சிறுவர் நாவில் நடமாட விட்டார். வித்து நம்மிடம் உண்டு. பாத்தி கட்டுதலே குறை. பரீட்சைப் புள்ளிக்கு அஞ்சி ஐந்து வயதுப் பாலகரையும் கொப்பியின் முன் குனிய வைக்கும் வழக்கம் வலுத்துவரும் இந்நாளில், அப்பாத்தியைக் கட்டும் பொறுப்பு நம் அனைவரையும் சார்ந்தது.

விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு நீவிர் அளிக்கும் கொடைகளுள்ளே கீழ்ப்பிரிவையும் நினைமின். மாளிகை வேண்டா, ஒரு மணற்றிடல், ஒரு நீர்த்தொட்டி, சிறு பாத்திகள் சில, களிமண் வைக்க ஒரு கொட்டில் இவை போதும். ஆசிரிய நண்பர்க்கும் ஒரு சொல்: குழந்தை கையிற் பிடித்து வரும் பொருளைப் பறிக்குமுன் அஃது என்னவென ஒருமுறை கேட்டறிமின். மாணவச் செல்வங்காள், நும் இளைய தம்பியர் மண்ணிற் கட்டிய வீட்டை மிதியாது விலகி நடமின்.

புறோபெல் கண்ட பூங்கா நம் கல்லூரி முற்றத்திலும் பூத்துக் குலுங்குவதாக.